விமானத்தடியில் ஒரு துலாபாரம்

சுரண்டையை முதுகுக்குப் பின்னால் விட்டு, தென்காசிச் சாலையில் மேற்கே பார்த்து நடந்துகொண்டிருந்தேன். எதிரே ஆடிக் காற்று. மலைக் கணவாய் வழியாகப் புறப்பட்டு வரும் அந்தக் காற்றுக்கு, தனக்கு எதிராக ஒரு மனிதன் நடந்து வருவதே பிடிக்காது. வேட்டியைப் பிடித்தால் துண்டு போகும். துண்டைப் பிடித்தால் வேட்டி போகும். நான் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

முதுகு எரிந்தது. சுரண்டை வத்தல் மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த கதையைச் சென்ற வாரம் சொன்னேன். மிளகாய் வத்தல் மூட்டையை வெறும் முதுகில் சுமந்தவனுக்கு நரகத்தைப் பற்றித் தனியாக யாரும் விளக்க வேண்டியதில்லை. வியர்வையோடு காரம் தோலுக்குள் இறங்கிவிடும். குளித்தால் இன்னும் எரியும். மண்டி முதலாளி தங்கமான மனிதர். எரிகிறது என்று சொன்னால், "அப்பிடின்னா நல்ல வத்தல்தாம்லே" என்று சந்தோஷப்படுவார்.

அன்று காலை அவரிடம் சொல்லிக்கொள்ளாமல்தான் கிளம்பினேன். சொன்னால் காரணம் கேட்பார். எந்த ஊரிலும் கொஞ்ச நாள் ஆனதும் என் கால் தானாகத் திரும்பிக்கொள்ளும். அதற்கு மேல் காரணம் என்னிடம் இருந்ததில்லை.

அப்படிப் போகிறபோது ஒரு தாள் பறந்து வந்து என் முகத்தில் அப்பியது.

பெரியோர்களும் ஆடுகளும்

ரோஸ் நிற நோட்டீஸ். நிமிர்ந்து பார்த்தால், சாலையோரத்து உடைமரங்களில் எல்லாம் ரோஸ் நிறம் பூத்திருந்தது. ஆடுகள் அதை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தன.

நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். எழுத்துக் கூட்டி வாசித்து முடிக்க ஒரு பனை மரத்தடியும் கொஞ்சம் பொறுமையும் வேண்டியிருந்தது. "குற்றாலம் சீசனுக்கு வந்திருக்கும் பெரியோர்களே" என்று ஆரம்பித்தது நோட்டீஸ். அங்கிருந்து குற்றாலம் பல மைல். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை பெரியோர் என்று பார்த்தால் நானும் ஆடுகளும்தான்.

நடந்தது இதுதான். அருவியில் குளிக்கிற கூட்டத்துக்கு மேலே ஒரு குட்டி விமானம் வட்டமடித்து, நோட்டீஸை அள்ளிக் கொட்டியிருக்கிறது. ஆடிக் காற்றைக் கலந்துகொள்ளாமல் போட்ட திட்டம். அருவிக்கரையில் ஒரு தாளாவது விழுந்ததா என்று எனக்குத் தெரியாது. சுரண்டைப் பக்கத்து ஆடுகளுக்கு மட்டும் நற்செய்தி நன்றாகச் சேர்ந்தது.

விஷயம் என்னவென்றால், சாலையே இல்லாத மலைக்காட்டு ஊர்களுக்கு டாக்டரையும் மருந்தையும் கொண்டுபோய், நோயாளிகளைத் தூக்கிவருகிற மிஷன் விமானம் ஒன்றைத் தென்காசிக்குக் கிழக்கே பொட்டலில் இரண்டு நாள் காட்டப்போகிறார்கள். "விமானக் கண்காட்சி. அனைவரும் வருக. அனுமதி இலவசம்."

கடைசி வார்த்தை என்னை அழைத்ததுபோல வேறு எதுவும் என்னை அழைத்ததில்லை.

உபதேசியார்

கண்காட்சி என்றதும் வரிசையாக விமானங்கள் நிற்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். நின்றது ஒன்றே ஒன்று. கிளி மாதிரி மூக்கும், துணி போர்த்திய இறக்கையுமாக இருந்த அதை, காற்றில் பறந்துவிடாதபடி மாட்டை முளையில் கட்டுவதுபோல நாலு பக்கமும் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். பறப்பதற்கென்று செய்த சாமானைப் பறக்காமல் காவல் காக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார் ஒருவர்.

அவர்தான் உபதேசியார் ஞானமுத்து. வெள்ளை ஜிப்பா, அதை எல்லாப் பக்கமும் நிரப்பிய உடம்பு, ஒலிபெருக்கி தேவைப்படாத தொண்டை. அந்த வட்டாரத்துச் சிறு சபைகளுக்கெல்லாம் ஜெபம் நடத்துகிறவர். கண்காட்சிக்கும் அவர்தான் பொறுப்பு.

"ஏலே, சும்மாத்தான நிக்கே. வேலை செய்தியா?"

"சோறு உண்டாய்யா?"

"கர்த்தர் தருவார்."

"எத்தனை மணிக்கு?"

முறைத்தார். ஆனாலும் சேர்த்துக்கொண்டார். சோற்றைக் கர்த்தர் சார்பில் குற்றாலத்து லாட்ஜ் முதலாளி சங்கரலிங்கம் அண்ணாச்சி அனுப்பிவைத்தார் என்பது மத்தியானம் டிபன் கேரியர் வந்ததும் தெரிந்தது. அண்ணாச்சி ஏன் அனுப்பினார் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

மதம் மாறிவிட்டானோ என்று இதைப் படிக்கிற சொந்தக்காரர்கள் பயப்பட வேண்டாம். நான் படித்த நாலு வகுப்பும் மிஷன் பள்ளிக்கூடத்தில்தான். ஞாயிற்றுக்கிழமை போனால் வண்ணப்படம் போட்ட அட்டை ஒன்று தருவார்கள். அதைக் கோலிக்குண்டுக்கு மாற்றிக்கொள்வேன். வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் சுண்டல். பெருநாளைக்குத் தைக்கா தெருவில் நெய்ச்சோறு. எந்த வாசலிலும் நான் குறை வைத்ததில்லை.

மூன்று தமிழ்ச் சொற்கள்

விமானம் ஓட்டி வந்த வெள்ளைக்காரர், பனை மரத்துக்குச் சட்டை மாட்டிவிட்டதுபோல உயரம். வெயிலில் மூக்குத்தோல் உரிந்துகொண்டிருந்தது. அவருக்குத் தெரிந்த தமிழ் மூன்று சொல்: தண்ணி, மெதுவா, போதும். அதற்கு மேல் தமிழ் தேவைப்படுகிறவராகத் தெரியவில்லை.

முதல் நாளே ஒரு புண்ணியவான் விமானச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டான். புது லாரிக்கு வைப்பதில்லையா, அதுபோல. பைலட் அதை எடுத்து முகர்ந்து பார்த்தார், சந்தோஷமாகச் சிரித்தார், பிழிந்து தண்ணீரில் விட்டுக் குடித்தார். வைத்தவன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

பைலட் ஒரு வாக்கியம் சொல்வார். உபதேசியார் அதைத் தமிழாக்கம் செய்வார். பைலட்டின் வாக்கியம் சுண்டைக்காய் அளவு இருந்தால் தமிழாக்கம் பூசணிக்காய் அளவு இருக்கும். மலைக்காட்டில் பிள்ளை பெறமுடியாமல் கிடந்த ஒரு பெண்ணை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவந்த கதையைப் பைலட் சொன்னார். உபதேசியார் ஆதாமிலிருந்து ஆரம்பித்தார். ஏவாளைத் தாண்டுவதற்குள் பைலட் அவர் தோளைத் தொட்டு, "போதும்" என்றார்.

கூட்டம் கேட்ட கேள்விகளும் சாமானியப்பட்டவை அல்ல. கடையநல்லூரிலிருந்து வந்த ஒரு ஜவுளி வியாபாரி, இறக்கையைத் துணிக்கடையில் துணியைத் தடவிப் பார்ப்பதுபோலத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஓய், இதுல கைலி மூட்டை ஏத்தலாமா? கொளும்புக்குப் போவுமா?"

"கொளும்பு என்ன ஓய், பரலோகத்துக்கே வழி காட்டும்" என்றார் உபதேசியார்.

"அங்கன நமக்கு யாவாரம் இல்லையே" என்று சொல்லிவிட்டு அவர் பட்டாணிக் கடலைக்காரனிடம் போய்விட்டார்.

தராசு

விமானத்துக்குப் பக்கத்தில் மூன்று பனங்கட்டைகளைக் கூம்பாக நட்டு, ஒரு மண்டித் தராசைத் தொங்கவிட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் சங்கிலியில் பலகைத் தட்டு. தென்காசி மண்டியில் இரவல் வாங்கியது. கிலோ வந்தும் வராத காலம் அது. பழைய கல்லும் புதுக் கல்லும் கலந்து கிடந்தன. எனக்குக் கிடைத்த வேலை அந்தத் தராசில்தான். மண்டியில் இருந்தவன் என்று நான் சொன்னதும், தராசு பிடிப்பான் என்று உபதேசியார் முடிவுகட்டிவிட்டார்.

பைலட்டுக்கு அந்தத் தராசுதான் கண்காட்சியின் உயிர். விமானம் சின்னது. ஆள், மருந்துப் பெட்டி, குடை, எதுவானாலும் நிறுத்துத்தான் ஏற்றுவாராம். கூடிப்போனால் விமானம் எழும்பாது. எழும்பினாலும் மரத்தைத் தாண்டாது. இவ்வளவுதான் அவர் சொன்னது.

உபதேசியாருக்குத் தராசு என்ற சொல் போதுமாக இருந்தது. வேதத்தில் தராசு வருகிற இடங்களையெல்லாம் எடுத்துவிட்டார். கடைசியில் குரலை உயர்த்திச் சொன்னார்:

"தன் பாரத்தைத் தராசிலே வைக்காதவனை இந்த விமானம் தூக்காது! வைத்தவனைத் தூக்கும்! ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்! அங்கே சப்பாணி நடப்பான்!"

கூட்டத்தில் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். உபதேசியாருக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பக்கத்தில், செங்கோட்டையிலிருந்து மலையாளக் கரைவரைக்கும், ஒரு தட்டில் பிள்ளையையும் மறு தட்டில் வெல்லத்தையோ பழத்தையோ வைத்துச் சாமிக்கு நேர்ந்து நிறுத்துக் கொடுக்கிற துலாபாரம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது அவருக்குத் தெரியாததல்ல. பேசுகிற ஜோரில் மறந்துவிட்டார்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி நின்றாள். இடுப்பில் ஏழெட்டு வயதுப் பெண்பிள்ளை. இடுப்பில் வைக்கிற வயதைத் தாண்டிய பிள்ளை. கால்கள் இரண்டும் முருங்கைக்காய் போலத் தொங்கின.

"அண்ணாச்சி, பிள்ளையளையும் நிறுப்பாகளா?" என்று என்னிடம் கேட்டாள்.

"நிறுப்பாக."

"நாளைக்கும் இருக்குமா?"

"நாளைக்கு மத்தியானம்வரை இருக்கும். பொறவு விமானம் ஆஸ்பத்திரி ஊருக்குத் திரும்பிரும்."

தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அண்ணாச்சியின் எடை

இரண்டாம் நாள் விடியும்போது சாரல் மலையைவிட்டு இறங்கிப் பொட்டலுக்கே வந்துவிட்டது. குற்றாலத்தில் சாரல் என்றால் கொண்டாட்டம். பொட்டலில் சாரல் என்றால் சேறு. பைலட் குதிகாலால் மண்ணை அமுக்கிப் பார்த்தார். அமுங்கியது. முகம் சுருங்கியது. திரும்பிப் போகும்போது நினைத்த அளவு பாரம் ஏற்ற முடியாது என்று உபதேசியாரிடம் சொன்னார்.

உபதேசியார் என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போனார். சோறு அனுப்பிய காரணம் இப்போது வெளியே வந்தது. லாட்ஜ் அண்ணாச்சியை விமானத்தில் ஏற்றி, ஆஸ்பத்திரியைச் சுற்றிக்காட்டி, திரும்பியதும் தென்காசியில் ஒரு மருத்துவ விடுதிக்கு அவரிடம் இடம் கேட்பதாகத் திட்டம். கூடவே உபதேசியாரும் போவார். அதற்கென்று துவைத்துப் பெட்டி போட்ட உடுப்போடு ஒரு தோல்பை தயாராக இருந்தது.

அண்ணாச்சி காரில் வந்து இறங்கினார். பட்டு ஜிப்பா, விரலுக்கு ஒரு மோதிரம், கழுத்தில் ஏற்கெனவே மாலை. பைலட் கைகுலுக்கிவிட்டுத் தராசைக் காட்டினார்.

"இது எதுக்கு?" என்றார் அண்ணாச்சி.

"சும்மா ஒரு வழக்கம் அண்ணாச்சி" என்றார் உபதேசியார். என் பக்கம் சாய்ந்து, "தட்டுக்கடியில முட்டுக்கால் குடுத்துக் கொஞ்சம் தூக்கிவிடுலே" என்று காதில் ஓதினார். வேதத்தில் அது எந்த அதிகாரம் என்று நான் கேட்கவில்லை. மண்டியில் விவசாயிகளின் மூட்டைக்கு நாங்கள் நாள்தோறும் செய்துவந்த திருப்பணிதான் அது. ஆனால் பைலட் என் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து தட்டின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கு அவசியமே வரவில்லை.

"ஊரே பாத்துக்கிட்டு நிக்க, என்னய மூட்டை மாதிரி தொங்கச் சொல்லுதீரா?" அண்ணாச்சியின் குரல் மேலே போனது. "எங்க அம்மகூட என்னய நிறுத்ததில்ல ஓய்! நிறுத்தா ஆளுக்கு ஆகுமா? கண்ணு பட்டா நீரா கழிப்பீரு?"

கூட்டத்தில் ஒருவன், "இங்கன இருக்க கல்லு பத்தாது அண்ணாச்சி, மண்டிக்கு ஆள் அனுப்பணும்" என்றான். சிரிப்பு கிளம்பியது. அவ்வளவுதான். அண்ணாச்சி காரில் ஏறினார். ஏறும்போது டிரைவரிடம், "அந்தக் கேரியரை எடுத்துக்கிடு" என்றார்.

மருத்துவ விடுதி போனது உபதேசியாரின் துக்கம். கேரியர் போனது என் துக்கம்.

ஏத்தன் தார்

கார் கிளப்பிய சேறு அடங்குவதற்குள் நேற்றுப் பார்த்தவள் வந்து நின்றாள். இடுப்பில் அதே பிள்ளை. தலையில் ஒரு முழு ஏத்தன் வாழைத்தார், பழுத்தது. புளியரையிலிருந்து வருகிறாள். பெயர் பகவதி. புருஷன் மலையில் ஏதோ எஸ்டேட்டில் இருக்கிறான் என்று பெயர்.

யாரையும் கேட்கவில்லை. பிள்ளையை ஒரு தட்டில் உட்காரவைத்தாள். மறு தட்டில் தாரை வைத்தாள். பிள்ளைத் தட்டு கொஞ்சம் தாழ்ந்தது. மடியிலிருந்து ஒரு சீப்புப் பழத்தை எடுத்துத் தார்மேல் வைத்தாள். இரண்டும் நேராக நின்றன.

"ஏட்டி பேச்சி, அசையாத. கும்பிட்டுக்கோ."

"எந்தச் சாமியம்மா? இங்கன ஒண்ணையும் காணமே?"

"அந்தா, எறக்கையோட நிக்குல்லா. அதைக் கும்பிடு."

கூட்டத்தில் ஒரு பெண் குலவை போட்டாள். இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். உபதேசியார் ஓடிவந்தார்.

"என்னம்மா இது! இங்கன துலாபாரமா? இது மிஷன் விமானம்!"

"நீங்கதானய்யா நேத்துச் சொன்னீக. தராசுல வச்சாத்தான் தூக்கும்னு."

"நான் ஆத்தும பாரத்தைச் சொன்னேன்!"

"எல்லாத்துக்கும் சேத்துத்தான் தார் கொண்டாந்துருக்கேன்."

கயிற்றோரம் நின்ற ஒருவர், "பொட்டப் பிள்ளைக்கு ஒரு தாரா? சீப்பு ஒண்ணு வச்சாப் போதாதா?" என்றார். பகவதி திரும்பிப் பார்த்தாள்.

"போன வருஷம் எசக்கியம்மனுக்கு வெல்லம் நேந்தேன். கையில இருந்தது பாதி எடைக்குத்தான் வந்துது. மிச்சம் பொறவு தாரேன்னேன். அதாம் கால் இன்னும் இப்பிடியே நிக்கி. இந்தத் தடவை குறை வைக்க மாட்டேன்."



பைலட் தட்டுக்கு முன்னால் மண்டியிட்டு, பிள்ளையின் பாதத்தை உள்ளங்கையில் ஏந்தி முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தார். பேச்சிக்குக் கூச்சம் தாங்காமல் சிரிப்பு வந்தது. அவர் எழுந்து உபதேசியாரிடம் சொன்னார். இப்படிப்பட்ட கால்களைச் சரிசெய்கிற டாக்டர்கள் அந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள். விமானம் அங்கேதான் போகிறது. பிள்ளையையும் கூட ஓர் ஆளையும் ஏற்றலாம். ஈர மண், அதனால் இலேசான ஆள்.

உபதேசியார் முகம் தெளிந்தது. தோல்பையை எடுத்துக்கொண்டார்.

"நானே பிள்ளையக் கூட்டிட்டுப் போறேன். அங்கன டாக்டர்மாரோட பேச ஆள் வேண்டாமா? நீ ரயில்ல பின்னால வா, பகவதி."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அந்த ஊரில் ஒரு நாயைக்கூடத் தெரியாது.

"பிள்ளையத் தனியா வுடமாட்டேன்யா. தாரும் வரணும். நிறுத்ததை இங்கனயே எறக்கிப் போட்டுட்டுப் போனா இதுவும் அரைகுறைதான். அப்பிடின்னா நாங்க ஊருக்கே போறோம்."

பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். திரும்பியும் விட்டாள். நானாக இருந்தால் தாரை அங்கேயே போட்டுவிட்டு விமானத்தில் தாவியிருப்பேன். ஆனால் நான் எதையும் முழுசாக நேர்ந்துகொண்டவனில்லை.

"சண்டை எதுக்கு? ரெண்டு பக்கத்தையும் நிறுத்துப் பாத்துர வேண்டியதுதான!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. நேற்றைய ஜவுளி வியாபாரிதான். இன்றும் வந்திருந்தார். பைலட்டுக்கு யாரும் மொழிபெயர்க்கவில்லை. அவரே தராசைப் பார்த்தார், உபதேசியாரைப் பார்த்தார், தட்டைக் காட்டினார்.

போதும்

உபதேசியார் ஒரு தட்டில் ஏறினார். தட்டு நேராகத் தரைக்குப் போய்ச் சேர்ந்தது. மறு தட்டில் பகவதியை உட்காரச் சொல்லி, மடியில் தாரை வைத்தேன். அவள் பக்கம் அசையவே இல்லை. சீப்பையும் வைத்தேன். ம்ஹூம். அவள் தாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அந்தப் பொட்டலில் முதலில் பறந்தவள் அவள்தான்.

கீழே என் கையில் இருந்த பேச்சி, "எம்மா, உன்னயும் பழத்தையும் சேத்தாலும் ஐயாதான் கனம்" என்று ஊருக்கே அறிவித்தாள்.

உபதேசியார் இறங்கினார். ஜிப்பாவைத் தட்டிவிட்டுக்கொண்டார். என்ன நினைத்தாரோ, தோல்பையோடு விமானத்துக்குப் போய்ப் படியில் ஒரு காலை வைத்தார். பைலட் அவர் நெஞ்சில் உள்ளங்கையை மெதுவாக வைத்தார்.

"போதும்" என்றார்.

அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் உபதேசியார் தமிழாக்கம் செய்யவில்லை.

பகவதி ஏறினாள். பிள்ளையை நான் தூக்கிக் கொடுத்தேன். தார் பின்னால் போனது. சீட்டில் உட்கார்ந்ததும் பேச்சி எட்டிப்பார்த்து, "உபதேசியாரய்யா, நீங்க பொறவு பஸ்ல வாங்க" என்றாள்.

கயிறுகளை அவிழ்த்தோம். விமானம் இரைந்து ஓடியது. பாதி தூரத்தில் ஒரு சக்கரம் சேற்றில் இழுத்தது. பொட்டலின் கடைசியில் பனை மரங்கள் வரிசையாக நின்றன. எனக்குப் பக்கத்தில் உபதேசியார் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு சீப்புப் பழத்தை இறக்கியிருக்கலாமோ என்று எனக்குத் தோன்றியது. மரங்களுக்கு முன்னால் எழும்பாது என்று நாங்கள் எல்லோரும் முடிவுகட்டிய பிறகு அது எழும்பியது. ஓலைகள் ஆடின. விமானம் காற்றில் ஒரு பக்கமாகச் சரிந்து, நிமிர்ந்து, ரோஸ் நோட்டீஸ்கள் போன திசையிலேயே போய் மறைந்தது.

பின்னால் பகவதி சொல்லிக் கேட்டது: போய் இறங்கியதும் ஆஸ்பத்திரி வாசற்படியில் தாரை வைத்துக் கும்பிட்டாளாம். அது எதற்கென்று யாருக்கும் புரியவில்லையாம். சாயங்காலத்துக்குள் நோயாளிகள் தின்று தீர்த்துவிட்டார்களாம். பேச்சிக்கு மாதக்கணக்கில் வைத்தியம் நடந்தது. இரும்புக் கம்பி வைத்த பூட்ஸோடு ஊருக்கு வந்தாள். சாய்ந்து சாய்ந்துதான் நடந்தாள், ஆனால் நடந்தாள். டாக்டர், விமானம், கர்த்தர், எசக்கியம்மன் என்று ஆளுக்கொருவரைச் சொன்னார்கள். பகவதி மட்டும், "எடை சரியா இருந்துது" என்று சொல்லுவாள்.

மறுநாள்

அன்று மத்தியானச் சாப்பாடு, தாரை ஏற்றும்போது பகவதி பார்க்காமல் உதிர்ந்த பழங்கள். தோல்பைமேல் உட்கார்ந்து உபதேசியார் தின்றார். தரையில் உட்கார்ந்து நான் தின்றேன்.

"ஒரு வாழைத்தாருக்கு முன்னால என்னைய இறக்கிவிட்டுட்டானே" என்றார்.

"நல்ல பழம்யா" என்றேன். வேறென்ன சொல்ல?

இரவு அவருடைய ஜெபவீட்டில் படுத்துக்கொண்டேன். விடிந்ததும் தராசை மண்டியில் கொடுத்துவிட்டு, செங்கோட்டை வழியாக மலையைத் தாண்டிப் போய்விடுவது என்று என் கால் முடிவுசெய்திருந்தது.

விடிந்து பொட்டலுக்குப் போனால், தராசைச் சுற்றி ஆட்கள். தோளில் பிள்ளையைச் சுமந்த தகப்பன். கூடையில் பிள்ளையும் கையில் வெல்லமுமாக ஒரு அம்மா. தேங்காய் மூட்டையோடு இரண்டு அண்ணன் தம்பிகள், அவர்களுக்கு நடுவே தவழ்ந்து வந்த தங்கச்சி. பகவதி பறந்த செய்தி, நோட்டீஸுக்கு நேர்ந்த கதி நேராமல், சுற்று வட்டாரம் முழுவதும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தது.

"விமானம் போயிட்டுய்யா" என்றேன், வந்தவர்களிடம்.

"போட்டும். தராசு இருக்குல்லா?" என்றார் பிள்ளையைச் சுமந்தவர்.

பின்னால் உபதேசியார் தோல்பையோடு வந்து நின்றார். இன்றைக்கு ஆதாமுக்கு முந்தியே ஆரம்பிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ ஒவ்வொரு பிள்ளையின் காலாகப் பார்த்தார். வெல்லத்தைப் பார்த்தார், தேங்காயைப் பார்த்தார். என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"நிறுலே."

நிறுத்தேன். ஒவ்வொன்றாக. எடை சரியானதும் அந்தந்தத் தாய் தகப்பன் கும்பிட்டார்கள். அவர் தடுக்கவில்லை. கடைசிப் பிள்ளையும் இறங்கியதும் தோல்பையைத் திறந்து, பெட்டி போட்ட உடுப்பை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார்.

"திருநெல்வேலி ரயில் எப்பம்?"

"இன்னும் கொஞ்ச நேரத்துல."

"அங்கன இருந்து ஆஸ்பத்திரி ஊருக்கு வண்டி மாறணும். நான் கூட்டிட்டுப் போறேன். ரயிலுக்கு எடை கெடையாது." கூடையில் இருந்த பிள்ளையைக் காட்டினார். நல்ல பாரமான பிள்ளை. "நீ மூட்டை தூக்குனவன்தான?"

"வத்தல் மூட்டை தூக்கிருக்கேன்யா. முதுகு இன்னும் எரியுது."

"இது எரியாது. தூக்கு. ஆஸ்பத்திரிவரை உனக்கு இதாம் வேலை."

செங்கோட்டைப் பக்கம் ஒருமுறை பார்த்தேன். பிறகு குனிந்து முதுகைக் கொடுத்தேன்.

உபதேசியார் சொன்னது பொய்யில்லை, எரியவில்லை. ஸ்டேஷன் போய்ச் சேர்வதற்குள், பிள்ளையின் புண்ணியத்தில், முதுகு நனைந்துதான் போயிருந்தது.